எண்ணெய் குடித்த தேக்கு

வெயில் மரத்தின் மேற்பரப்பை எவ்வாறு சிதைக்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அப்படிப்பட்ட நான், நல்ல தேக்குத் தளம் ஒன்றை என் கையாலேயே கறுக்க வைத்தேன். பதிவு சற்று நீளம். வீட்டுக்கு வெளியே மரவேலை வைத்திருப்பவர்கள் பொறுத்துக்கொண்டு படிக்கலாம்.

டேராடூனில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடியில், மேற்கு நோக்கிய திறந்தவெளி ஒன்று உண்டு. தரை, கைப்பிடி, சன்னல்களைச் சுற்றிய சட்டம் எல்லாமே வைரம் பாய்ந்த தேக்கு. வீட்டுக்கார அம்மையார் எழுபதைக் கடந்தவர். மறைந்த கணவர் பணி ஓய்வுக்குப் பின் தச்சரின் அருகிலேயே நின்று இழைக்க வைத்த பலகைகள் அவை. மாலைத் தேநீரை அவர் அங்கே அமர்ந்துதான் அருந்துவார். ஏப்ரலில் ஒரு நாள், சாம்பல் பூத்திருந்த தரையைக் காட்டி, "அக்டோபரில் என் மகள் வருகிறாள். நீ மரம் படிக்கிறவன்தானே பேட்டா, இதன் பழைய நிறத்தைக் கொண்டுவர முடியாதா?" என்றார். முடியும் என்றேன். கேள்வி முடிவதற்கு முன்பே சொன்னதாக நினைவு.

மே மாதத்தில் வேலையைத் தொடங்கினேன். இரும்பு நார்ச் சுருளால் பலகைகளைத் தேய்த்துச் சாம்பல் நிறத்தை நீக்கினேன். ‘டபுள் பாயில்டு’ என்று டப்பாவில் அச்சிட்டிருந்த ஆளிவிதை எண்ணெயைப் பூசினேன். (இரண்டு முறை காய்ச்சியது என்று பொருளில்லை, விரைவில் உலர்வதற்காக உலோக உப்புகளைச் சேர்த்தது.) முதல் பூச்சிலேயே மரம் பொன்னாக ஒளிர்ந்தது. அந்த அழகில் மயங்கி மறுநாள் ஒன்று, அதற்கும் மறுநாள் ஒன்று எனப் பூசிக்கொண்டே போனேன். அந்தத் தளத்தைச் செய்த தச்சர் வந்து பார்த்து, "மழைக்கு முன்னால் இதற்கு எண்ணெய் காட்டாதீர்கள் பாபுஜி" என்றார். ஆய்வாளன் தச்சரிடம் காரணம் கேட்பதா? கேட்கவில்லை.

முதல் அதிர்ச்சி அன்றிரவே வந்தது. துடைத்த துணிகளைச் சுருட்டி பிளாஸ்டிக் வாளியில் போட்டிருந்தேன். உணவு வேளையில் கருகல் வாடை. வாளியைத் தொட்டால் கை சுட்டது. தண்ணீரை ஊற்றி அணைத்தேன். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றின் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வினை வெப்பத்தை வெளிவிடுகிறது. விரித்துப் போட்ட துணியிலிருந்து அந்த வெப்பம் வெளியேறிவிடும். சுருட்டிய துணிக்குள் அது தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். 1991இல் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படிக் கிடந்த எண்ணெய்த் துணிகளால் பற்றி எரிந்து, மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். இதை நான் முன்பே படித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது பிசுபிசுப்பு. தேக்கின் வைரப்பகுதியில் இயற்கையாகவே உள்ள எண்ணெய்ப் பொருள்கள் மேலே பூசும் எண்ணெய் உலர்வதைத் தாமதப்படுத்தும். அடர்ந்த மரம் அதிகம் உறிஞ்சுவதும் இல்லை. ஆகவே என் மூன்றாம் பூச்சு மேலே தங்கிப் பசையாயிற்று. செருப்பு ஒட்டியது, புழுதி படிந்தது.

ஜூன் இறுதியில் மழை இறங்கியது. இரண்டு வாரங்களில் தளம் கறுத்தது. உற்றுப் பார்த்தால் கறுப்பு இரண்டு வகை. எங்கும் படர்ந்திருந்தது பூஞ்சணம். ஈரத்தில் அதற்கு என் எண்ணெயே உணவு. புள்ளி புள்ளியாய் மை தெளித்தது போல இருந்தது வேறு. இரும்பு நாரிலிருந்து உதிர்ந்த துகள்கள் மரத்தின் டானினோடு சேர்ந்து உண்டாக்கிய கறை அது. வெயில் நேரே விழும் கைப்பிடியிலோ மழைக்கு முன்பே நிறம் போயிருந்தது. நிறமி கலவாத எண்ணெய் புற ஊதாக் கதிரைத் தடுப்பதில்லை. கதிர் அதைக் கடந்துபோய், மர நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலே இதுதான். ஆய்வகத்தில் விளக்கின் கீழ் நான் வைப்பது உள்ளங்கை அளவு மரத்துண்டு. அதன்மேல் யாரும் நாற்காலி போட்டு அமர்வதில்லை.

அம்மையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தேநீரை உள்ளே குடிக்கத் தொடங்கினார். நான் படியேறும்போது முன்போல் அழைத்து ஒரு கோப்பை தருவதும் நின்றுபோயிற்று.

மழை ஓய்ந்ததும் தச்சரிடம் போய் நின்றேன். இருவருமாகப் பத்து நாள் உழைத்தோம். டர்பென்டைனால் பசையை இளக்கிச் சுரண்டினோம். பூஞ்சணத்தைக் கழுவினோம். இரும்புக் கறைக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல். அது நச்சு, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. பிறகு நிறையத் தண்ணீர், பிறகு உப்புத்தாள். அந்த வேலையின் நடுவில்தான் தயங்கித் தயங்கிக் கேட்டேன், ஐயா இருந்த காலத்தில் எதைப் பூசினார் என்று.

"சாஹப் எதையும் பூசவில்லை. தீபாவளிக்கு முன் சோப்பு நீரால் கழுவச் சொல்வார். அவ்வளவுதான்."

அம்மையாரின் நினைவில் நின்ற பொன்னிறம் தளம் போட்ட முதல் ஆண்டின் நிறம் மட்டுமே. அந்தச் சாம்பல் நிறம் நோயும் இல்லை. சிதைவு மேல்தோலோடு நின்றுவிடுகிறது. உள்ளே வைரம் அப்படியே இருக்கிறது. தண்ணீர் தேங்காதவரை அதனால் கேடில்லை. மியான்மரின் அமரபுரத்தில், 1850ஐ ஒட்டிக் கட்டிய 1.2 கிலோமீட்டர் நீளத் தேக்குப் பாலத்தில் இன்றும் மக்கள் நடக்கிறார்கள். அதன் தூண்கள் சில தண்ணீரில் இற்றுப்போய் மாற்றப்பட்டன என்பதும் உண்மை.

அம்மையாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிறம் வேண்டுமென்றால் நிறமி கலந்த எண்ணெயை மெல்லியதாகப் பூசி, மிச்சத்தை உடனே துடைத்தெடுத்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். நெடுநேரம் பேசாதிருந்தார். "தரையை விட்டுவிடு. அவர் விட்டபடியே இருக்கட்டும். சன்னல் சட்டத்துக்கு மட்டும் பூசு" என்றார். சன்னல்கள் கூரை இறவாரத்தின் கீழ் இருப்பவை. மழையும் வெயிலும் அவற்றை அதிகம் தொடுவதில்லை. எண்ணெய்க்கு உகந்த இடம் அதுதான். ஒரே பூச்சு, கால் மணி நேரத்தில் துடைத்தேன். துணிகளைக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிட்டேன்.

அக்டோபரில் மகள் வந்தார். தென்மேற்கு மூலைப் பலகையில் கறுப்புப் புள்ளிகள் சில இன்னும் போகவில்லை. அம்மையார் அதன்மேல் ஒரு துளசித் தொட்டியை வைத்திருக்கிறார். தொட்டியின் அடியில் ஈரம் தேங்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். தேநீருக்கு அழைத்தார், போய் உட்கார்ந்தேன். தொட்டிக்கு மூன்று மரக்கட்டைகளை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.