ஓப்பநாயக்கப் பெருந்தெருவும் தோட்டத்துத் தடமும்

தெருக்கள் ஊர்களை இணைக்கின்றன என்பர். அது மெய்யே. ஆயினும் தெருவை வந்தடைய இயலாதவர்க்கு அவ்விணைப்பினால் யாது பயன்? மலைத்தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நாம் இவ்வினாவை நாள்தோறும் எண்ண வேண்டியவராய் உள்ளோம்.

கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரை ஏறக்குறைய 430 கிலோமீற்றர் நீளும் ஏ-4 பெருந்தெரு, அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை ஆகிய ஊர்களைக் கடந்து ஓப்பநாயக்கவுக்கு வருகின்றது. பின்னர் பலாங்கொடை, பெலிகுல்ஓயா, ஹல்துமுல்லை வழியே மலையேறி, பெரகலைக்கு அப்பால் வெல்லவாயவில் இறங்கி, மொனராகலையைத் தாண்டிப் பொத்துவில் கடற்கரையை அடைகின்றது. இறப்பரும் தேயிலையும் செழிக்கும் ஈரமலையிற் புறப்படும் பயணி, உலர்நிலக் காட்டையும் நெல்வயலையும் கண்டு, ஈற்றில் கீழைக்கடலைக் காண்பான்.

ஒரு காலத்தில் எமக்குப் புகையிரதமும் இருந்தது. களனிப் பள்ளத்தாக்குப் பாதை, 2 அடி 6 அங்குல அகலமுள்ள ஒடுங்கிய தண்டவாளத்தில் இரத்தினபுரியூடாக வந்து, ஓப்பநாயக்கவிலேயே முடிவுற்றது. 1970களில் இப்பகுதிச் சேவை நின்றுபோயிற்று. அதன்பின் தெருவொன்றே எமக்குத் துணை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோர், தகரப் பெட்டியும் கைக்குழந்தையுமாய் இத்தெருவோரம் நின்று விடைபெற்றதை எம் முதியோர் இன்றும் சொல்லிக் கண்கலங்குவர். போனவரைக் கொண்டுசென்ற தெருவே, இருந்தவரின் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுசெல்கின்றது.

ஆனால் லயத்திலிருந்து பெருந்தெருவரை வரும் தடம் வேறு. மழைக்காலத்தில் அது நீரோடையாகும். சப்பாத்தைக் கையிலேந்திப் பிள்ளைகள் இறங்கி வருவர். அவர்கள் வந்து சேர்வதற்குள் பஸ் போய்விடும். முதலில் வாரத்தில் ஒரு நாள் வரவு குறையும். பின்னர் இரண்டு நாள். ஈற்றில் இடாப்பில் பெயர் மட்டும் எஞ்சும். வீட்டில் மூத்த பெண்பிள்ளையாயின் இது இன்னும் விரைவாக நிகழும்.

தோட்டத்துத் தடங்களைத் திருத்துவது யார் பொறுப்பு என்பது நெடுநாள் வழக்கு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை பணி செய்யத் தடையாய் நின்றது. வாக்களிக்கும் உரிமை பெற்ற பின்னரும், வாக்கினால் அமைந்த சபை எம் வாசலுக்கு வரவில்லை. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி திறந்தது. ஆயினும் சட்டம் தானே மண்வெட்டி எடுத்து வாராது. கேட்பவர் வேண்டும், எழுதுபவர் வேண்டும், விடாது பின்தொடர்பவர் வேண்டும்.

விபுலாநந்த அடிகளைப் பற்றிப் பாடம் நடத்துங்கால், காரைதீவு எங்கேயுள்ளது என்று மாணவர் வினவுவதுண்டு. 1892இல் அடிகள் பிறந்த அவ்வூர், நம் தெரு செல்லும் வழியிலேயே உள்ளது என்போம். அவர்கள் வியப்புறுவர். யாழ்நூல் தந்த பேரறிஞரின் ஊர் தம் மலையடிவாரத் தெருவின் மறுமுனைப்பக்கம் இருப்பது, அவர்களுக்குப் புதிய செய்தி.

விழாவிற்காக இத்தெருவழியே வருகின்ற பழைய மாணவர்காள்! உங்களுள் சட்டம் கற்றோர் உளர். பொறியியல் அறிந்தோர் உளர். அலுவலகங்களில் சொல் செல்லுமிடத்தில் இருப்போரும் உளர். நீவிர் படித்த நாளில் நடந்த தடத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். அடுத்த மழைக்குமுன் ஒரு மதகேனும் கட்டப்படுமாயின், எம் இடாப்பில் சில பெயர்கள் அழியாதிருக்கும்.