வளர்த்த தகப்பன்

கிழக்குத் தாம்பரத்து வீட்டில் நேற்றிரவு பேரனோடு அமர்ந்து, 2011-ஆம் வருஷம் ஜெனிஃபர் யூ நெல்சனின் டைரக்ஷனில் வெளிவந்த ‘குங்ஃபூ பாண்டா’ இரண்டாம் பாகத்தை மறுபடி பார்த்தபோது, பீரங்கியால் சீன தேசத்தையே வசப்படுத்த முனையும் ஷென் என்ற வெண்மயிலின் ஆக்ரோஷத்தைக் காட்டிலும், முள்ளங்கிப் பெட்டியில் கிடைத்த போ என்ற பாண்டாக் குட்டியைத் தன் புத்திரனாகவே வளர்த்த நூடுல்ஸ் கடை வாத்தின் வாத்ஸல்யமே என் ஹிருதயத்தை ஆட்கொண்டது. பெற்றவர்களின் கதையை அறிந்த பின்னும் அந்தக் கடைக்கே திரும்பி, தான் அவர் மகன்தான் என்று போ சொல்லும் இடத்தில் கண் கலங்கிவிட்டது.

வண்டலூர் மிருகக்காட்சிசாலையில் மயில்களைப் பார்த்துப் பரவசப்பட்ட பேரன், “மயில் கெட்டதா, தாத்தா?” என்றான். மயிலன்று; பெற்றோர் தன்னை வெறுத்தார்கள் என்று அது கடைசிவரை கொண்டிருந்த தவறான எண்ணமே கெட்டது என்றேன்.

குழந்தைகளைத் தனியே பார்க்க விடாமல், நீங்களும் அருகில் அமர்ந்து பாருங்கள்.