முதற்பரிசல்

திருவண்ணாமலை என்றவுடன் மலையும் கோபுரமும் கார்த்திகைத் தீபமுமே யாவர் நினைவிலும் தோன்றும். கடலோ அந்நகருக்கு நெடுந்தொலைவில் உள்ளது. ஆயினும் அம்மாவட்டத்தில் மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் உள்ளன. நகருக்கு மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1958ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது சாத்தனூர் அணை. அதன் நீர்மட்டத்தின் முழு உயரம் 119 அடி. கட்லா, ரோகு, மிர்கால் முதலிய மீன்கள் அந்நீரில் வளர்கின்றன. அவற்றைப் பிடிக்கச் செல்வோர்க்கு உற்ற துணை பரிசலாகும்.

பரிசல் மிகப் பழமையான கலம். யூப்ரடீசு ஆற்றில் தோல் போர்த்த வட்டப் படகுகள் சென்றதைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே எரொடோட்டசு எழுதி வைத்தார். வேல்சு நாட்டு மீனவர் தம் சிறு பரிசலை முதுகில் சுமந்தே ஆற்றங்கரைக்குச் செல்வர். நம் நாட்டில் மூங்கிற் பிளாச்சுகளைக் கூடைபோல் முடைந்து, முற்காலத்தில் தோலும் பிற்காலத்தில் தார் பூசிய துணியும் பிளாஸ்டிக் தாளும் போர்த்தினர். இன்று கண்ணாடியிழைப் பரிசல்களும் வந்துள்ளன.

தொழில் கற்கும் இளைஞன் ஒருவனுக்கு முதற்பரிசல் தேர்வது எளிதன்று. அவன் மனம் பெரிய பரிசலையே நாடும். அனுபவம் மிக்க தந்தையோ, "தம்பி, உன்னால் தூக்கிக் கரையேற்ற முடிகிறதா, பார்" என்று கேட்பார். தூக்க முடியாத பரிசல் நீரிலேயே கிடக்கும். நீரில் கிடப்பது விரைவில் அழுகும். மிகச் சிறியதும் ஆகாது. வலையை இழுக்கும்போது அது ஒருபுறம் சாய்ந்துவிடும். பின்னல் நெருக்கமாக உள்ளதா, விளிம்புக் கட்டு இறுகியுள்ளதா, மூங்கிலில் வண்டு துளைத்த தூள் உதிர்கிறதா என்று நோக்குதல் வேண்டும். வெயிலுக்கு எதிரே உயர்த்திப் பிடித்தால், ஓட்டையுள்ள இடத்தில் ஒளி புள்ளியாய்த் தெரியும்.

தேர்வதினும் அரியது பேணுதல். வேலை முடிந்ததும் பரிசலைக் கழுவி, நிழலில் கற்களின்மேல் கவிழ்த்து வைத்தல் வேண்டும். தரையோடு தரையாக வைத்தால் கறையான் பற்றும், காற்றும் உட்புகாது. கடும் வெயிலில் கிடந்தால் தார் இளகும். பிளாஸ்டிக் தாள் நொறுங்கும். அன்றியும், நீர் ஏறக்கூடிய எல்லைக்கு மேலேயே அதனை வைத்தல் வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் பெருமழை கொணர்ந்தபோது, சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஓர் இலட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் வெளியேறித் தென்பெண்ணைக் கரை ஊர்கள் பலவற்றைச் சூழ்ந்தது. நேற்றுவரை அமைதியாக இருந்த நீர் இன்றும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணலாகாது.

பரிசல் போனால் மற்றொன்று வாங்கலாம். உயிர் போனால் மீளாது. ஆகவே, பரிசலுக்கு முன் கற்கவேண்டியது நீச்சல். நன்கு நீந்துவோரும் உயிர்காப்பு அங்கி இன்றி நீரில் இறங்கலாகாது. காற்று வலுக்கும் வேளையில் கரையிலிருப்பது கோழைமையன்று. அதுவும் தொழிலறிவே ஆகும். பெரியதை விரும்பும் வயதில் தன் வலிமைக்கு ஏற்றதைக் கொண்டு, அதனை நாள்தோறும் பேணக் கற்றவன் பரிசலை மட்டுமன்றி, வாழ்க்கையையும் நன்கு செலுத்துவான்.