பக்கத்து வீட்டுச் சாம்பல்





என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் ‘ஆகஸ்ட் 7, 2013, இரவு 7.40, காய்ந்த துணியில் சாம்பல்’ என்று எழுதியிருக்கிறேன். அடுத்த வரி: ‘ஆகஸ்ட் 9, இரவு 8.10, புகை, குழந்தை இருமினாள்.’ இப்படி இரண்டு பக்கம். பக்கத்து வீட்டின்மேல் நகர மன்றத்தில் புகார் கொடுப்பதென்றால் நாளும் நேரமும் கையில் இருக்க வேண்டும் என்று தோழி ஒருத்தி சொன்னாள். அதற்காகத் தொடங்கிய நோட்டு அது. எதையுமே இவ்வளவு ஒழுங்காக நான் எழுதி வைத்ததில்லை.

மன்னார்குடியில் தனி வீட்டில் வளர்ந்தவள் நான். சுற்றிலும் மதில், பின்னால் கிணறு, கொல்லையில் வாழை. எங்கள் வீட்டு வாசனை எங்கள் மதிலுக்குள்ளேயே நின்றுவிடும் என்று நம்பி வளர்ந்தேன். சிங்கப்பூருக்கு வந்து வீவக (வீட்டமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியேறிய பிறகுதான் மதில் இல்லாத வாழ்க்கை என்றால் என்னவென்று தெரிந்தது. ஒரே காரிடாரில் எட்டு வீட்டுக் கதவுகள். எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் பக்கத்து வீட்டு வாசலுக்கும் நடுவே நான்கு எட்டுதான்.

1960-இல் தொடங்கப்பட்ட வீட்டமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில்தான் இந்நாட்டில் வசிப்போரில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் இருக்கிறார்கள். யார் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பதிலும் அரசாங்கத்துக்குக் கணக்கு உண்டு. 1964-இல் ஜூலையிலும் செப்டம்பரிலும் நடந்த மலாய்–சீன இனக் கலவரங்களில் 36 பேர் இறந்தார்கள். அந்த வடு இங்கே இன்னும் ஆறவில்லை. எண்பதுகளில் சில பேட்டைகள் மறுபடி ஒரே இனத்தார் கூடும் இடங்களாக மாறத் தொடங்கியபோது, தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த எஸ். தனபாலன் 1989-இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கையை அறிவித்தார். தமிழர் அவர். ஒவ்வொரு அடுக்குமாடிப் புளோக்கிலும் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று அன்று வரம்பு கட்டினார்கள். அதில் சிறுபான்மையினருக்கு வலியும் உண்டு. சீனர் விழுக்காடு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியக் குடும்பம் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருகிறவர்கள் குறைவதால் விலையும் குறையும். அப்படி நஷ்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கொள்கையை நான் ஆதரிக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாவை எனக்குக் கொடுத்தது அதுதான்.

அவருக்கு அப்போதே எழுபதை ஒட்டிய வயது. தியோச்சியூ என்ற சீனக் கிளைமொழி பேசுவார், சந்தை மலாயும் தெரியும். ஆங்கிலம் வராது. இங்குள்ள வழக்கப்படி நான் அவரை ‘ஆன்டி’ என்றுதான் கூப்பிடுவேன். காலையில் சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போவார். எதிரே பார்த்தால் தலையசைப்பார். ஐந்து ஆண்டுகளாக எங்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான்.

சீனர்களின் ஏழாம் மாதம் பிறந்தால் மட்டும் அவர்மேல் எனக்குக் கோபம் வரும். அந்த மாதத்தில் இறந்தவர்களின் ஆவிகள் வெளியே வந்து உலவும் என்பது அவர்கள் நம்பிக்கை. முன்னோருக்கும், நினைக்க ஆளில்லாத ஆவிகளுக்கும் சோறும் பழமும் படைத்து, ஊதுபத்தி ஏற்றி, காகிதப் பணத்தை எரிப்பார்கள். எரிப்பதற்கென்று கீழே பெரிய இரும்புத் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். ஆன்டி கீழே போகமாட்டார். காரிடார் முனையில், மாடிப்படி பக்கம் ஒரு தகர டின்னை வைத்து எரிப்பார். காற்று எங்கள் பக்கம்தான் அடிக்கும். மூங்கில் கம்பில் காயும் வெள்ளைச் சட்டைகளில் கறுப்புச் செதில்கள் வந்து ஒட்டும். ‘கீழே தொட்டி இருக்கும்போது இங்கே ஏன்?’ என்று கேட்டுக் கேட்டு எனக்குள்ளேயே எரிந்துகொண்டிருந்தேன். அவரிடம் ஒரு முறையும் கேட்கவில்லை. நோட்டில் எழுதினேன்.

அதே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்தவளுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. வேலைக்குப் போகவில்லை. கூடத்து சோபாவில், ஜன்னல் ஓரமாகப் படுத்திருந்தேன். ஒன்பது மணி இருக்கும். சந்தையிலிருந்து வரும் சக்கரப் பையின் கடகடச் சத்தம் கேட்டது. எங்கள் வாசலுக்கு முன்னால் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். ஆன்டி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, காய்கறி நிரம்பிய பையை மறு கையால் தூக்கி, கோலத்தின் ஓரத்தில் இருந்த ஒரு சாண் இடத்தில் காலை வைத்துத் தாண்டினார். வலது முழங்கால் மடங்கவில்லை. முகம் சுளித்தது. தாண்டி முடித்ததும் பையைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார். பிறகு கடகடவென்று தன் வீட்டுக்குப் போனார்.

என் கோலம் காரிடாரின் அகலத்தில் முக்கால் பாகத்தை அடைத்திருந்தது. ஐந்து வருட வெள்ளிக்கிழமைகளை மனதில் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளாவது சக்கரத் தடம் என் கோலத்தில் விழுந்ததில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர் ஏன் கீழே தொட்டிக்குப் போவதில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகன் வந்திருந்தபோது ஆரஞ்சுப் பழங்களோடு போய்க் கதவைத் தட்டினேன். மகனுக்கு ஆங்கிலம் தெரியும். கோலத்தை இனிமேல் சிறிதாகப் போடுகிறேன் என்றேன். அவர் அம்மாவிடம் சொன்னார். அம்மா ஏதோ நீளமாகச் சொல்ல, மகன் தயங்கினார். பிறகு, “கோலம் அழகாக இருக்கிறதாம், அதை மாற்ற வேண்டாமாம். அந்தக் காக்கைகளைப் பற்றித்தான் அம்மா கேட்கிறார்” என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. ஆடி அமாவாசை அன்று, தர்ப்பணம் முடிந்ததும் காரிடார் கைப்பிடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைப்பது அப்போது எங்கள் வழக்கம். பறவைகளுக்குத் தீனி போடுவதே இங்கே தவறு. தெரிந்தேதான் வைத்தேன், வருஷத்தில் ஒரு நாள்தானே என்று. காக்கையும் மைனாவும் கூட்டமாக வரும். தின்றுவிட்டு அவரது பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் போய் உட்காரும். அங்கே அவர் வெயிலில் போட்ட மெத்தை விரிப்பு இருக்கும். ஆண்டுதோறும் ஒருமுறை அந்த விரிப்பை மறுபடி துவைத்திருக்கிறார். அவர் கேட்டது புகாராகவும் இல்லை. அந்தச் சோறு யாருக்கு என்பதுதான் கேள்வி. இறந்துபோன என் மாமனாருக்கும் அவருக்கு முந்தியவர்களுக்கும் என்றேன். மகன் மொழிபெயர்த்தார். ஆன்டி என்னைப் பார்த்தார். பிறகு காரிடார் முனையில் இருந்த தகர டின்னைக் கைகாட்டினார். தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். “தாக் அப்பா, தாக் அப்பா” என்றார். மலாயில் ‘பரவாயில்லை’ என்று பொருள்.

அன்று இரவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியின் தேதி ஆகஸ்ட் 7. ஆடி அமாவாசை அந்த ஆண்டு ஆகஸ்ட் 6. முந்தின நாள் என் காக்கைகள் அவர் விரிப்பை அசிங்கப்படுத்தியிருக்கின்றன. மறுநாள் அவருடைய சாம்பல் என் சட்டையில் விழுந்திருக்கிறது. நோட்டில் ஏறியது ஒன்று மட்டும்.

நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து, அவர் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பார் என்று எழுதத் தொடங்கினேன். காலை 5.30, மிக்ஸி. மிளகாய் வறுத்த நெடி, வாரம் இருமுறை. தீபாவளிக்கு வந்தவர்களின் செருப்புகள் என் கதவு வரைக்கும். குழந்தை காரிடாரில் ஸ்கேட்டிங், பிற்பகல் தூக்க நேரத்தில். நான்கு பக்கம் வந்தது. என் பக்கங்கள் இரண்டுதான்.

இதைவிட உறுத்தியது வேறொன்று. 2011-இல் இங்கே ஒரு செய்தி பெரிதாகக் கிளம்பியது. சீனாவிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பம், அடுத்த வீட்டு இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாசனையைத் தாங்க முடியாமல் முறையிட்டதும், சமரசம் பேச உட்கார்ந்ததில், அந்தச் சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் குழம்பு வைப்பதாக இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டதும் நாளிதழில் வந்தன. சில ஆண்டுகளுக்கு முந்தைய சம்பவம்தான். ஆனாலும் நாடே கொதித்தது. ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் குழம்பு வையுங்கள் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு வந்தது. பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள், சீனர்களும் மலாய்க்காரர்களும் உட்பட. நானும் எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்து மீன் குழம்பு வைத்தேன். அந்தப் பெருமை இன்றும் எனக்கு உண்டு. அது நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் செய்தியின் இன்னொரு பாதியை நான் படித்தும் மறந்திருந்தேன். எதிர்த்தரப்புக் குடும்பமும் அந்தக் குழம்பைச் சுவைத்துப் பார்ப்பதாகப் பதிலுக்கு ஒப்புக்கொண்டிருந்தது. இரண்டு குடும்பங்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருந்தன. பல்லாயிரம் பேரோடு சேர்ந்து குழம்பு வைக்கத் தெரிந்த எனக்கு, நான்கு எட்டு நடந்து ஒரு கதவைத் தட்ட இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.

சகிப்புத்தன்மை என்ற சொல்லே எனக்கு இப்போது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதைச் சொல்லும்போது நான் பெரியவளாகிவிடுகிறேன். எதிரே இருப்பவர் நான் பொறுத்துக்கொள்ள வேண்டிய உபத்திரவம் ஆகிவிடுகிறார். நானும் ஒருவருக்குப் புகை, ஒருவருக்குச் சத்தம் என்பது அதில் இல்லை. ஆன்டியின் ‘தாக் அப்பா’வில் அது இருந்தது. நானும் எரிக்கிறேன், நீயும் வைக்கிறாய் என்றுதான் அவர் நெஞ்சைத் தொட்டார்.

ஊரிலிருந்து வருகிறவர்களை வாட்டர்லூ ஸ்ட்ரீட் கிருஷ்ணன் கோயிலுக்கு அழைத்துப் போவேன். அடுத்த வாசலில் குவான் யின் கோயில். அங்கே கும்பிட்டுவிட்டு வரும் சீனர்கள் நம் கோயில் முன்னும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவதைப் பார்த்து எல்லோரும் படம் எடுப்பார்கள். அழகான காட்சிதான். ஆனால் அங்கே யாரும் யாருடைய துணியையும் துவைக்க வேண்டியதில்லை. காரிடார்தான் கடினமான இடம்.

பல ஆண்டுகளில் ஆடி அமாவாசையை ஒட்டியே ஏழாம் மாதம் பிறக்கிறது. இரண்டும் அமாவாசைக் கணக்குத்தானே. 2024-இல் இரண்டும் ஒரே நாளில், ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை வந்தன. காக்கைக்குச் சோறு வைப்பதை நாங்கள் முன்பே நிறுத்திவிட்டோம். அன்று மாலை ஆன்டி எரிப்பதற்கு முன்னால் என் மகள் மூங்கில் கம்புகளை உள்ளே எடுத்தாள். பிறகு காகிதக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவரோடு லிஃப்டில் கீழே இறங்கினாள். இப்போது கீழே தொட்டியில்தான் எரிக்கிறார். சுமை தூக்க ஆள் இருந்தால் அவரால் போக முடியாது என்றில்லை.

அன்று மதியம் அமாவாசைச் சமையலில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்தனுப்பினேன். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவர் சைவம்; வெங்காயம், பூண்டு சேர்க்கமாட்டார். நம் அமாவாசைச் சமையலிலும் அவை இரண்டும் கிடையாது. தட்டு கழுவித் திரும்பி வந்தது. வாழைக்காய்ப் பொரியல் மட்டும் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாராம்.