பின் சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் தேவையா?

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் பலருக்கு ஒரு ஆசை உண்டு. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று கம்பெனியிலிருந்து வந்த வண்டியில் பின்னாலும் டிஸ்க் மாட்டிவிட வேண்டும் என்பதுதான் அது. சனிக்கிழமை காலை ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஞாயிறு மாலைக்குள் முடித்துவிடலாம் என்று தோன்றும். கழற்றி மாட்டுவது ஒன்றும் பெரிய வித்தையும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வண்டி முன்பைவிட நன்றாக நிற்குமா? அங்கேதான் சிக்கல்!

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

டிரம் பிரேக் என்பது சக்கரத்தோடு சுற்றும் ஒரு இரும்புக் கிண்ணம். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தம் ஷூக்களை வெளிப்பக்கம் தள்ளும், அவை டிரம்மின் உள்சுவரில் உரசும், வண்டி நிற்கும். டிஸ்க் பிரேக்கில் எல்லாமே வெளியில் தெரியும். ஒரு தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், அவ்வளவுதான்.

டிரம்முக்கு முதல் எதிரி சூடு. மூடிய கிண்ணமாக இருப்பதால் சூடு சீக்கிரம் வெளியேறாது. சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும், பெடல் இன்னும் ஆழமாக இறங்கும். கொலராடோவில் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையிலிருந்து இறங்கும் வண்டிகளை வழியில் நிறுத்தி, பிரேக் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அதிகம் சூடாகியிருந்தால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். விளையாட்டல்ல, உயிர் விஷயம். இன்னொரு எதிரி தண்ணீரும் சேறும். உள்ளே புகுந்தால் லேசில் வெளியே வராது. டிஸ்க் இவற்றைச் சுழன்றே உதறிவிடும்.

அப்படியென்றால் டிஸ்க்தானே நல்லது? பொறுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

பிரேக் போட்டவுடன் உடம்பு முன்னால் சாய்கிறதல்லவா? வண்டியின் பாரமும் அப்படித்தான் முன் சக்கரங்களுக்குப் போகிறது. ஒரு காலி பிக்கப்பின் எடையில் 60 சதவீதம் முன்னாலும் 40 சதவீதம் பின்னாலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஈர்ப்பு மையம் 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2.8 மீட்டர் இடைவெளி. புவியீர்ப்பில் 0.8 மடங்கு வேகக்குறைப்போடு நிறுத்தினால், மொத்த எடையில் 20 சதவீதம் பின்னாலிருந்து முன்னால் போய்விடும். ஆக முன்னால் 80, பின்னால் வெறும் 20!

அந்த 20-க்கு மேல் பின் பிரேக்கை எவ்வளவு பலமாக்கினாலும் பயனில்லை. டயருக்குப் பிடிப்பு இருந்தால்தானே பிரேக் வேலை செய்யும்? பிடிப்பை மீறினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டியின் பின்பாகம் பக்கவாட்டில் சுழன்று வரும். மழை நாளில், காலி வண்டியில் இது மிக ஆபத்து. 1987-இல் ஃபோர்டு தன் எஃப்-150 வண்டியில் பின் சக்கரங்களுக்கு மட்டும் ஏபிஎஸ் வைத்ததற்கும் காரணம் இந்தப் பயம்தான்.

ஆயிலின் கதை

டிரம்முக்கு ஒரு தந்திரம் உண்டு. சுற்றுகிற டிரம், உரசுகிற ஷூவைத் தன்னோடு இழுத்துத் தானே இன்னும் இறுக்கிக்கொள்ளும். அதனால் குறைந்த அழுத்தமே போதும். டிஸ்க்குக்கு இந்த உதவி கிடையாது. அதிக அழுத்தம் வேண்டும், காலிப்பரின் பிஸ்டன் பெரிது என்பதால் அதிக ஆயிலும் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரால் முடியாவிட்டால் பெடல் ஆழமாகப் போகும்.

பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் டிரம்மை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அதை அப்படியே விட்டால் புதிய டிஸ்க் சோம்பேறியாக இருக்கலாம். அதைப் பிடுங்கி எறிந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். சில பழைய வண்டிகளில் டிரம்முக்காக லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு ஒன்றும் இருக்கும். அதை மறந்துவிட்டால் பேட் எப்போதும் தட்டில் உரசிக்கொண்டே இருக்கும்.

காயலான் கடை வழி

இதற்கு அமெரிக்கர்கள் கண்டுபிடித்த சிக்கனமான வழி சுவாரஸ்யமானது. ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப் வைத்திருப்பவர்கள், 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்புளோரரின் பின் ஆக்ஸிலை டிஸ்க்கோடு சேர்த்துக் காயலான் கடையிலிருந்து வாங்கி மாட்டுகிறார்கள். ஆனால் எக்ஸ்புளோரரில் லீஃப் ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும், ரேஞ்சரில் பொதுவாக மேலே. ஆகவே ஸ்பிரிங் உட்காரும் இடத்தை வெட்டி எடுத்துவிட்டுச் சரியான கோணத்தில் மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும். ஆக்ஸிலில் வெல்டிங் கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை.

இதில் ஒரு லாபம், அந்த டிஸ்க்கின் நடுவிலேயே பார்க்கிங் பிரேக்குக்கென்று ஒரு குட்டி டிரம் இருக்கிறது. மலிவான சில கிட்களில் பார்க்கிங் பிரேக்கே கிடையாது. சரிவில் நிறுத்திய வண்டி தானாக உருண்டால் யார் பொறுப்பு?

கடைசியில் லாபமா, நஷ்டமா?

மாற்றிய பிறகு "அடடா, என்ன அருமையாக நிற்கிறது!" என்று பலர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அவர்கள் ஒப்பிடுவது இருபது வருடப் பழைய டிரம்மையும் புத்தம்புது டிஸ்க்கையும். துருப்பிடித்த அட்ஜஸ்டர், தேய்ந்த ஷூ, ஈரம் ஏறிய ஆயில் எல்லாவற்றையும் மாற்றி டிரம்மையும் புதுசாக்கிவிட்டு ஒப்பிட்டால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும். கிட்டின் விலையோடு மாஸ்டர் சிலிண்டர், வால்வு, பார்க்கிங் பிரேக் கேபிள் எல்லாவற்றையும் கூட்டித்தான் செலவு பார்க்க வேண்டும்.

தயாரிப்பாளர்களும் அவசரப்படவில்லை. டொயோட்டா டகோமா அமெரிக்காவில் 2023 மாடல் வரை பின்னால் டிரம்மோடுதான் விற்றது. 2024-இல் வந்த புதிய தலைமுறையில்தான் டிஸ்க்.

டிரெய்லர் இழுப்பவர், சேற்றில் ஓட்டுபவர், தினமும் மலை இறங்குபவர் மாற்றினால் பலன் உண்டு. ஆனால் மாற்றிய வண்டியை ஆளில்லாத இடத்தில், குறைந்த வேகத்தில், காலியாகவும் பாரத்தோடும் நிறுத்திப் பார்த்த பிறகே சாலைக்குக் கொண்டுவர வேண்டும். எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்பதை அங்கேயே தெரிந்துகொள்வது நல்லது. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வரும்போது தெரிந்துகொள்ளக் கூடாது.

நாலு சக்கரமும் ஒத்துப் போனால்தான் அது பிரேக். ஒன்றுக்கு மட்டும் பலம் கூட்டினால் அது வெறும் செலவு!