சொல்லிவிட்டுப் போங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் எந்த அரசு மாணவியர் விடுதிக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பா முன்னால் வருவார். தட்டு, டம்ளர், தேங்காய் எண்ணெய், பருப்புப்பொடி டப்பா எல்லாவற்றையும் கட்டைப்பையில் திணித்துக்கொண்டு அம்மா பின்னால் வருவாள். நடுவில் புது ரிப்பன் கட்டிய பெண். நான் விடுதிக் காப்பாளினியாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளையை வெளியூரில் விடப்போகும் பெற்றோருக்குச் சொல்ல என்னிடம் முக்கியமாக ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளை பார்க்காத நேரம் பார்த்து நழுவிப் போகாதீர்கள்.

நழுவுகிறவர்கள் நிறையப் பேர். "இங்கயே இரு பாப்பா, கடைக்குப் போய் ஒரு வாளி வாங்கிட்டு வந்துடறோம்" என்பார்கள். பெண் தலையாட்டும். அவர்கள் நேரே பேருந்து நிலையத்துக்குப் போய்விடுவார்கள். அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டு மணி அடித்தால் எழுந்து வராது. வாளியோடு அம்மா வரும்போது தன்னைக் காணாமல் தேடுவாளே என்ற கவலை அதற்கு. இருட்டிய பிறகு, "அம்மா ஊருக்குப் போயிட்டாங்கம்மா" என்று சொல்லும் வேலை என் தலையில் விழும். அன்று அந்தப் பிள்ளைக்கு அம்மா சொன்னதும் பொய், அதைத் தெரிந்துகொண்டே நின்ற நானும் பொய். அடுத்த முறை பெற்றோர் பார்க்க வரும்போது அது ஓடி வந்து கட்டிக்கொள்ளாது. அம்மாவின் பையைத்தான் பிடித்துக்கொள்ளும். பை தன் கையில் இருந்தால் அம்மா போக முடியாது என்று அதற்கு ஒரு கணக்கு.

இந்தப் பெற்றோர் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. பிள்ளை அழுவதைக் காணத் தாங்காமல்தான் போகிறார்கள். எங்கள் பக்கம் கரும்பு வெட்டுக்கும், செங்கல் சூளைக்கும், பெங்களூருக் கட்டட வேலைக்கும் போகிற குடும்பங்கள் அதிகம். கூடவே அழைத்துப்போனால் பிள்ளையின் படிப்பு போய்விடும் என்றுதான் விடுதியைத் தேடி வருகிறார்கள். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் 4ஆம் வகுப்பிலிருந்தே சேர்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க வேண்டும் என்ற விதி பையன்களுக்கு உண்டு. பெண் பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. ஆகவே ஒன்பது வயதுப் பெண்ணும் பெட்டியோடு வந்து நிற்கும். அந்த வயதில் அழாமல் எப்படி இருக்கும்?

அழுகையை ஒரு கெட்ட சகுனம்போலப் பார்க்கிறோம், அங்கேதான் கோளாறு. அந்தக் காலத்து இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளிலும் இதே எண்ணம் இருந்தது. பெற்றோர் வந்து பார்த்தால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் சமர்த்தாக இருக்கிறது, எனவே வராமலிருப்பதே நல்லது என்று மருத்துவர்களும் தாதியரும் நம்பினார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர், சிறு அறுவை சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை எட்டு நாளும் படம் பிடித்து 1952இல் திரையிட்டுக் காட்டினார். பெரும்பாலும் அழுகையை அடக்கிக்கொண்டே இருந்த அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனாலும் 1959இல் வந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் எந்த நேரமும் குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. விடுதிக்கு வருவது இரண்டு வயதுக் குழந்தை அல்ல, தெரியும். ஆனால் சமர்த்து என்று நாம் மெச்சுவது சில நேரம் நம்பிக்கை விட்டுப்போன மௌனம் என்பதை நானும் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் தேம்பித் தேம்பி அழுகிற பெண் அடுத்த வாரம் பாண்டி ஆடப் போய்விடும். அழாமல், கேட்டதற்கெல்லாம் "சரிங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டு தட்டில் பாதிச் சோற்றை மீதம் வைக்கிற பெண்ணைத்தான் இரவில் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

நல்லபடியாக விடைபெற்றுப் போனவர்களும் உண்டு. ஓர் அப்பாவைச் சொல்கிறேன். மூட்டை தூக்குகிறவர், பேச்சு அதிகம் இல்லாத மனிதர். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விடுதியைச் சுற்றிவந்தார். குளியலறைக்குள் மகளை அனுப்பி உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போடச் சொன்னார். அது இறுக்கமாக இருந்தது. பெண்ணுக்கு எட்டவும் சிரமம். கதவை லேசாகத் தூக்கிக்கொண்டு தள்ளினால் விழும் என்று செய்துகாட்டி, அவளாகப் போட்டு அவளாகத் திறக்கும்வரை வெளியே நின்றார். ராத்திரி எழுந்தால் விளக்கு ஸ்விட்ச் எங்கே, தண்ணீர்ப் பானை எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த பாயில் படுக்கப்போகிற பெண்ணைக் கூப்பிட்டுப் பெயர் கேட்டு, முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து இருவர் கையிலும் கொடுத்தார். கடைசியில் மகளுக்கு நேராகக் குந்தி, "அப்பா இப்பக் கிளம்பறேன். நாலு மணி பஸ். அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை காலையில வருவேன்" என்றார். பெண் ஓவென்று அழுதாள். அவர் அழாதே என்று அதட்டவில்லை; தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார். சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தும் நின்றார். தாழ்ப்பாளைப் பார்க்கும் அப்பாக்கள் குறைவு. பெண் பிள்ளைக்கு இரவில் முதல் பயம் அங்கேதான்.

வாசலில் நின்று அறிவுரை சொல்லாதீர்கள். "உன்ன நம்பித்தான் குடும்பமே இருக்கு, உனக்காகத்தான் நாங்க இவ்வளவு கஷ்டப்படறோம்" என்ற பேச்சை அந்த நேரத்தில் கேட்ட பிள்ளை, பிறகு காய்ச்சல் வந்தால்கூட வீட்டுக்குச் சொல்லாது. ஏற்கெனவே கஷ்டப்படுகிறவர்களுக்கு நம்மால் இன்னொரு கஷ்டம் எதற்கு என்று நினைக்கும். அறிவுரைக்குப் பதிலாக அப்துல் கலாமைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் ராமேசுவரத்திலிருந்து படிக்கப் போனது ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்கு. தூரம் அதிகமில்லை. இருந்தும் வீட்டு ஏக்கத்தையும், அம்மா செய்யும் போளிக்காக ஊருக்கு ஓட மனம் தவித்ததையும் தம் சுயசரிதையான 'அக்கினிச் சிறகுகள்' நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வீட்டை நினைத்து ஏங்குவது படிப்புக்குத் தடையில்லை என்று பிள்ளையிடம் சொல்ல இதைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார்.

சொல்ல வேண்டியது வேறொன்றும் உண்டு. அதை வாசலில் அல்ல, வீட்டிலேயே, ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லித் தர வேண்டும். உடம்பில் யார் கை வைத்தாலும், வாத்தியாரானாலும் காப்பாளரானாலும் சமையல்காரரானாலும், மறைக்காமல் சொல்லலாம், அம்மா திட்ட மாட்டாள் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக் கைப்பேசி எண்ணும், குழந்தைகள் உதவிக்கான 1098 என்ற எண்ணும் மனப்பாடமாக இருக்க வேண்டும். தனியார் விடுதியில் சேர்ப்பதாக இருந்தால், 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி அது பதிவு பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று கூசாதீர்கள். கோபித்துக்கொள்கிற இடத்தில் பிள்ளையை விட வேண்டாம். தலை பின்னிக்கொள்ள, உள்ளாடை துவைத்துக் காயப்போட, வயதுக்கு வந்தால் என்ன செய்வது, யாரிடம் சொல்வது, எல்லாம் அந்த ஒரு மாதத்தில் சொல்லித் தர முடிந்தவைதான்.

பிறகு, வருகிறேன் என்று சொன்ன நாள். பிள்ளைகள் அதைச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு எண்ணுகிறார்கள். சம்பளம் வந்தால் வருகிறேன், வேலை முடிந்தால் வருகிறேன் என்று பொதுவாகச் சொன்னால் எண்ணுவதற்கு அவர்களுக்கு ஒன்றும் இருக்காது. ஆகவே தேதியைச் சொல்லுங்கள், முடியக்கூடிய தேதியாகப் பார்த்துச் சொல்லுங்கள். மேஸ்திரி விடாமல், லாரி கிடைக்காமல் வர முடியாமல் போவதும் நடக்கிறதுதான். அப்போது முந்தின நாளே விடுதிக்குப் போன் செய்யுங்கள். என்னைப் போன்றவர்களிடம் தகவலைச் சொல்லி வைத்துவிடாமல், பிள்ளையைக் கூப்பிடச் சொல்லி நீங்களே பேசுங்கள். "நாளைக்கு அம்மாவால வர முடியலடா" என்பதை அவள் உங்கள் வாயால் கேட்க வேண்டும். அழுவாள், கோபத்தில் போனை வைத்தும் விடுவாள். பரவாயில்லை, திரும்பக் கூப்பிட்டு அடுத்து வரும் தேதியைச் சொல்லிவிடுங்கள்.