குரூப்பில் எழுத முடியாத பதில்

2025 தை மாசம் எங்க செட்டில் முதல் கல்யாணம். ஹட்டனில் உயர்தரம் ஒன்றாகப் படித்த ஏழு பொண்ணுங்க நாங்க. அதில் ஒருத்திக்குப் பரிசம் போட்டு, தை கடைசியில் நாளும் குறிச்சாச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கே நான் வட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பிச்சேன். பெயர் 'பிரைட் ஸ்க்வாட்'. கெம்பஸில் ஒரு சீனியர் அக்காவின் கல்யாணத்துக்கு முன்னால அவங்க கூட்டாளிகள் எல்லாரும் ஒரே கலர் டீஷர்ட் போட்டுக்கிட்டு எல்லவுக்குப் போய் எடுத்த படங்களைப் பார்த்ததிலிருந்தே எனக்கு அந்த ஆசை இருந்தது. நம்மளும் செய்வோம், நம்ம பொண்ணுங்களுக்கு மட்டும் ஏன் இல்ல?

'பெச்சலரெட் பார்ட்டி'ங்கிற வார்த்தையை மட்டும் யாரும் வீட்டில் சொல்லவில்லை. எங்க லயத்தில் பார்ட்டின்னா ஒரே அர்த்தம்தான், போத்தல். பொடியன்கள் வேனைப் பிடிச்சுக்கிட்டு கித்துல்கலைக்கு ராஃப்டிங் போனா 'கல்யாணத்துக்கு முந்தி கொஞ்சம் ஆடிட்டு வரட்டும்'னு சிரிப்பாங்க. பொண்ணுங்க போனா 'எங்க, யாரோட, எத்தனை மணிக்கு வருவ' என்று மூணு கேள்வி. இது எங்க லயத்து அம்மாக்களின் குணம் மட்டும் இல்லை. பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாதுன்னு இந்த நாட்டில் 1979இல் போட்ட ஒரு கட்டளை இருந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை வாபஸ் வாங்கச் சொன்னார். எங்க திட்டத்தில் போத்தலே கிடையாது. ஆனாலும் பொண்ணுங்க கூடிச் சிரிக்கப் போறாங்கன்னாலே ஒரு சந்தேகம் வருதே, அது எங்கிருந்து வருதுன்னு சொல்லத்தான் இந்தக் கதை. அதனால வீட்டில் நாங்க சொன்னது 'நுவரெலியா ட்ரிப்'.

திட்டம் முழுக்க நான் போட்டது. கணக்கு இன்னும் போனில் இருக்கு. வேன் 14,000. பெயர் அச்சடிச்ச டீஷர்ட் ஏழு, ஒன்னு 1500 வீதம் 10,500. பகல் சாப்பாடு ஆளுக்கு 1500, அதுவும் 10,500. கேக் 5000. கிரகரி வாவியில் போட்டுக்கு 2000. மொத்தம் 42,000. பொண்ணு காசு போடக்கூடாதுங்கிறது எல்லாரும் ஒத்துக்கிட்ட சட்டம். ஆக ஆறு பேர், ஆளுக்கு 7000. இதை அழகாக டைப் பண்ணி குரூப்பில் போட்டு, 'எல்லாருக்கும் ஓகேவா?' என்று கேட்டேன். அஞ்சு நிமிசத்தில் நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கிட்டாங்க. ஆறாவது ஆள், நாங்க கூப்பிடுற மாதிரியே சொன்னா 'சின்னவள்', ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு கட்டைவிரல் போட்டாள். நான் டீஷர்ட்டுக்கு ஓடர் குடுத்துட்டேன்.

ட்ரிப்புக்கு மூணு நாள் இருக்கும்போது சின்னவள் எழுதினாள்: 'அம்மாவுக்குச் சுகமில்லடி. நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க.'

டீஷர்ட் அடிச்சாச்சு. வேன் பேசியாச்சு. அவளுடைய சாப்பாட்டுக் காசைக் கழிச்சாலும் மிச்சம் 40,500. அஞ்சு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 8100. 'கடைசி நேரத்துல இப்படிச் செஞ்சா எப்படி' என்று ஒருத்தி எழுதினாள். நான் ஒன்னும் எழுதல. அழுகிற மூஞ்சி ஒன்னு மட்டும் போட்டேன். அது 'சுகமில்லாத அம்மா'வுக்கா, கூடின 1100 ரூபாவுக்கா என்று அப்போ என்னைக் கேட்டிருந்தா பதில் சொல்லியிருக்க மாட்டேன். அவங்க அம்மாவுக்கு என்னன்னு ஃபோன் பண்ணிக்கூட நான் கேட்கலங்கிறதே பதில்.

ட்ரிப் நல்லாத்தான் இருந்தது. குளிர், வாவி, படம், கேக். கல்யாணப் பொண்ணு மட்டும் வேனில் ஏறினதும் 'சின்னவ வரலயா?' என்று கேட்டாள். திரும்பி வரும்போதும் ஒருதரம் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி. நான் கண்டியில் பஸ் ஏறி, ஹட்டனில் இறங்கி, தோட்டத்துக்குப் போய்ச் சேர எட்டு மணி ஆயிருச்சு. லயத்துக்கு முன்னால பந்தல் போட்டு, டியூப்லைட் கட்டி, பொக்ஸில் பாட்டு. பந்தலுக்குப் பின்னால மூணு கல் வச்ச அடுப்பில் அண்டா. அதுக்குப் பக்கத்தில் சாக்கு விரிச்சு பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. நடுவில் சின்னவள். பக்கத்தில் அவங்க அம்மா, நல்ல சுகத்தோட, தேங்காய் துருவிக்கிட்டு.

அவங்கதான் என்னை முதல்ல பார்த்தாங்க. 'வாம்மா, இப்பத்தான் கெம்பஸ்லருந்து வர்றியா? இவ மலையில இருந்து நேரா இங்க வந்துட்டா, வீட்டுக்குக்கூடப் போகல.'

நான் ஒரு கத்தியை எடுத்துக்கிட்டு சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் ரெண்டு பேரும் வெங்காயத்தைத்தான் பார்த்தோம். அப்புறம் நான் கேட்டேன்.

'என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி?'

'என்னன்னு சொல்றது? நீ குரூப்புலதான கேட்ட. காசு இல்லன்னு குரூப்புல எப்படிடி எழுதுறது?'

அவள் கோபமாகச் சொல்லல. வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே சொன்னாள். எனக்குத்தான் கண்ணு எரிஞ்சது. வெங்காயம்னு நினைச்சிருப்பாங்க.

அன்னைக்கு ராத்திரி மனசுக்குள்ள நான் போட்ட கணக்கு இது. தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகி, 2024 செப்டம்பரில் 1350 ஆனது. அதில் நூற்றுக்கு எட்டு சேமலாப நிதிக்குப் போகும். 108 ரூபா. கையில் 1242. என்னுடைய 7000 அவளுக்கு கிட்டத்தட்ட ஆறு நாள் பேர். ட்ரிப் போற சனிக்கிழமை மலைக்குப் போகாட்டி அந்த நாள் பேரும் இல்ல. கிலோ குறைஞ்ச நாளைக்கு அரைப்பேர். சங்கச் சந்தா வேற. தீபாவளிக்கு எடுத்த அட்வான்ஸை மாசாமாசம் வெட்டுவாங்க, தை மாசத்திலும் அது முடிஞ்சிருக்காது. ஒரு நாள் சிரிப்புக்கு ஒரு வாரச் சம்பளம்.

இந்தக் கணக்கு எனக்குத் தெரியாதது இல்ல. எங்க அம்மாவும் கொழுந்து எடுக்கிறவங்கதான். அந்தச் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் நான் கூட்டல் கழித்தலே படிச்சேன். ஆனால் இப்போ என் கைக்கு மஹாபொல வருது, கொழும்பில் கடையில் நிற்கிற அண்ணன் கேட்டா அனுப்புறான். கெம்பஸ் போய் ரெண்டு வருசத்தில் எனக்கு 7000 ஒரு 'சின்ன' தொகையா ஆயிருச்சு. 'எல்லாருக்கும் ஓகேவா?' என்று நான் கேட்டது கேள்வியே இல்ல. நாலு கட்டைவிரலுக்குக் கீழே 'எனக்கு ஓகே இல்ல' என்று எழுத யாருக்குத் துணிச்சல் வரும்? அவளுக்கு நான் விட்டுவச்ச ஒரே வழி பொய்.

இது தோட்டத்துப் பிரச்சினை மட்டும்னு நினைக்க வேண்டாம். 2011இல் வந்த 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' படத்தை நாங்க ஹொஸ்டலில் சிரிச்சுச் சிரிச்சுப் பார்த்தோம். அதில் ஆனி என்கிறவள் பேக்கரி நட்டப்பட்டு கையில் காசில்லாமல் இருக்கிறாள். கூட்டாளியின் பெச்சலரெட் பார்ட்டிக்கு எல்லாரும் லாஸ் வேகாசுக்குப் பறக்கிறாங்க. மத்தவங்க முதல் வகுப்பில். பணக்காரி ஒருத்தி 'உனக்கும் நான் டிக்கெட் போடுறேன்' என்கிறாள். ஆனி ரோசத்தில் வேண்டாம்னு சொல்லிட்டு பின்னால போய் தனியா உட்காருகிறாள். அந்தப் பயணம் ரகளையாகி வேகாசுக்குப் போய்ச் சேரவே மாட்டாங்க. படத்தில் அது சிரிப்புக் காட்சி. வெங்காய ராத்திரிக்கு அப்புறம் திரும்பப் பார்த்தப்போ எனக்கு அந்த 'வேண்டாம்'தான் கண்ணில் பட்டது. காசு இல்லாதவளுக்கு நீங்க தாராளமாகக் குடுக்க வந்தாலும், அதை எல்லார் முன்னாலயும் குடுத்தா அவளால் வாங்க முடியாது.

அப்படின்னா பழைய மாதிரி, லயத்து ராத்திரியே போதுமா? அப்படியும் நான் சொல்ல வரல. அந்த ராத்திரியில் ஒரு நல்ல முறை இருக்கு. காசு இருக்கிறவன் அரிசி மூட்டை கொண்டு வருவான், இல்லாதவன் விறகு பிளப்பான், யாரும் 'ஆளுக்கு இவ்வளவு' என்று கேட்க மாட்டாங்க. ஆனால் அதே ராத்திரியில் ஆம்பளைங்க பந்தலுக்கு வெளியே போத்தலோட உட்கார்ந்து கேரம் அடிக்க, பொம்பளைங்க விடிய விடிய உரிச்சாங்க. மொய்ப் புத்தகத்தில் யார் எவ்வளவுன்னு மைக்கில் வாசிச்சா கூசிப்போறவங்களும் இருக்காங்க. கல்யாணப் பொண்ணு ஒரு நிமிசம் எங்களோட உட்கார முடியாம உள்ளேயே அடைஞ்சு கிடந்தாள். அவளுக்குன்னு ஒரு நாள் வேணும், அவளோட கூட்டாளிகளோட மட்டும். அந்த ஆசை தப்பில்ல. அதைக் கேட்ட விதம்தான் தப்பு.

இனிமேல் எங்க செட்டில் கல்யாணம் வந்தா நான் எப்படிச் செய்வேன்னு யோசிச்சு வச்சிருக்கேன். உங்களுக்கும் உதவலாம்.

இடத்தை முடிவு பண்ண முன்னாடி காசைக் கேட்கணும். அதுவும் குரூப்பில் கேட்கக்கூடாது. ஒவ்வொருத்திக்கும் தனியா ஃபோன் பண்ணி, 'உன்னால எவ்வளவு முடியும், எந்த நாள் முடியும்?' என்று கேட்கணும். யார் ஆகக் குறைவாகச் சொல்றாளோ அந்தத் தொகைதான் எல்லாருக்கும் தொகை. அது யார் சொன்னதுன்னு ஏற்பாடு செய்யறவளோட நிக்கணும். மேல போட விரும்புறவ அதை ஏற்பாட்டுக்காரி கையில் பேசாமக் குடுக்கலாம், அவ்வளவுதான். 1000 ரூபான்னு வந்தா 1000 ரூபாவுக்குத் திட்டம் போடணும். நுவரெலியாவுக்கு வேன்தான் வேணும்னு யார் சொன்னது? ஹட்டனில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்தா கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன் எல்லாம் தாண்டி நானுஓயா. போற வழியில் சென் கிளேயர் நீர்வீழ்ச்சி சும்மாவே தெரியும். அங்கிருந்து பஸ். சோத்துப் பார்சலை வீட்டிலிருந்து கட்டிக்கிட்டா முடிஞ்சது.

நாளையும் பார்க்கணும். எங்க பக்கம் சம்பளம் பத்தாம் திகதி வாக்கில். அதுக்கு முந்தின வாரம் காசு கேட்கிறது கொடுமை. பேர் போகிற நாளில் வைக்கக்கூடாது.

வரலன்னு ஒருத்தி சொன்னா காரணம் கேட்கக்கூடாது. காசும் வீட்டு அனுமதியும் குரூப்பில் எழுத முடியாத ரெண்டு விசயம். காரணம் கேட்டா பொய்தான் வரும், அந்தப் பொய்யை அப்புறம் அவள் சுமக்கணும். எல்லாரும் சரின்னு தனித்தனியாகச் சொல்ற வரைக்கும் பெயர் போட்டு எதையும் அச்சடிக்கக்கூடாது. படங்களை ஸ்டேட்டஸில் போட முன்னாடி பொண்ணுகிட்ட கேட்கணும், அவளைப் பார்க்கப் போறது புது மாமியார் வீடு.

எல்லாத்துக்கும் முதல்ல, பொண்ணுகிட்டயே 'உனக்கு என்ன வேணும்?' என்று கேட்கணும். சர்ப்ரைஸ்னு சொல்லி நான் கேட்கவே இல்ல. கல்யாணம் முடிஞ்ச பிறகு ஒருநாள் ஃபோனில் கேட்டேன். 'எல்லாரும் வந்திருந்தாப் போதும்டி. எங்க வீட்டுக் கட்டிலிலயே உட்கார்ந்து கதைச்சிருக்கலாம்' என்றாள்.

சின்னவளோட டீஷர்ட் ரெண்டு மாசம் என் ஹொஸ்டல் அலுமாரியில் இருந்தது. குடுக்கவும் கூச்சம், வச்சிருக்கவும் கூச்சம். சித்திரை வருசப்பிறப்புக்கு வீட்டுக்குப் போனப்போ அவளே கேட்டாள். 'எனக்கு ஒன்னு அடிச்சீங்கதான? எங்க அது?'

குடுத்தேன். விரிச்சுப் பார்த்தாள். முன்னால பளபளன்னு 'பிரைட் ஸ்க்வாட்', பின்னால அவள் பெயர். 'துணி நல்ல தடிப்பு. மலைக்குப் போட்டுக்கிறேன், காலைக் குளிருக்கு நல்லாருக்கும்' என்றாள்.

அடுத்த நாள் காலையில் கொழுந்து மலைக்கு ஏறிப் போறதைப் பார்த்தேன். கூடைக்கயிறு தலையில, பெயர் கூடைக்குப் பின்னால மறைஞ்சிருந்தது. அதுக்கு நான் இன்னும் அவகிட்ட காசும் கேட்கல, மன்னிப்பும் கேட்கல. இதை அவள் வாசிப்பாள்னு தெரியும். இதுவும் எல்லார் முன்னாலயும்தான். தனியா ஃபோன் பண்றேன்டி.